பதினேழாம் எருமை முட்டும்

மென்பொருள் பொறியியல் படிப்பிக்கப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

என்னுடைய பழைய விரிவுரைக் குறிப்புகளைக் கேட்டு எழுதியிருந்தீர்கள். தரமாட்டேன். அதில் இருப்பதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகத்தில் எழுத்துப் பிழையும் குறைவு. அதற்குப் பதிலாக என் மானம் போன கதை ஒன்றைத் தருகிறேன். குறிப்பை விட அது உங்களுக்கு அதிக நாள் பாவிக்கும்.

நிரல் எழுதுவது ஒரு வேலை. இன்னொரு மனிசருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் செய்து கொடுப்பது வேறு வேலை. கணினி விஞ்ஞானப் பட்டத்துக்கு வரும் பிள்ளைகள் முதலாவதைக் கனவிலும் செய்வார்கள். இரண்டாவதைச் செய்யச் சொன்னால் முழிப்பார்கள். அதனால் மூன்றாம் ஆண்டுக் குழு வேலைக்கு நான் ஒரு விதி கொண்டுவந்தேன். ஒவ்வொரு குழுவும் கம்பஸுக்கு வெளியே போய், உண்மையான சிக்கல், கரைச்சல் உள்ள ஓர் உண்மையான ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவருக்கு ஒரு மென்பொருள் செய்து கொடுக்க வேண்டும். கடைசியில் அவர் "இது எனக்கு உதவும்" என்று ஒரு தாளில் கையொப்பம் வைக்க வேண்டும். கையொப்பம் இல்லாவிட்டால் பெயில்.

அந்த விதியில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளைகள் அதற்குள் ஓட்டை தேடினார்கள் என்பது வேறு கதை. ஒரு குழு தங்கள் மாமாவையே பிடித்து வந்தது. மென்பொருள் தொடங்க முதலே அவர் கையொப்பம் வைத்துவிட்டார். இன்னொரு குழு கல்லடியில் ஒரு சலூன்காரருக்கு வரிசை எண் கொடுக்கும் மென்பொருள் செய்தது. அதை ஒருநாளும் போடக்கூடாது என்ற நிபந்தனையில் அவர் கையொப்பம் தந்தார். இரண்டு குழுவையும் வெயிலில் திருப்பி அனுப்பினேன். என்னைப் பற்றிக் கம்பஸில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். மிஸ்ஸுக்குக் கிட்டப் போகாதே, குத்துவா என்று பேசினார்கள். சந்தோசமாகவே இருந்தது.

இந்தக் கதை டிலக்சியுடையது. தேற்றாத்தீவுப் பிள்ளை. குழுத் தலைவி. அவளோடு மூன்று பொடியன்மார். மற்றவர்களுக்கு இது முதல் தடவை, அவளுக்கு இரண்டாவது. முந்தின வருடம் அவளுடைய குழு பிடித்த ஆள், கையொப்பம் வைக்க வேண்டிய வாரத்தில் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். விதி விதிதான் என்று நான் பெயில் போட்டேன். இந்த முறை கொழும்பில் ஒரு கொம்பனி அவளை வேலைக்கு எடுத்திருந்தது. மாத முடிவுக்குள் பெறுபேறு வேண்டும் என்று சொல்லியிருந்தது. இந்தத் தடவையும் கையொப்பம் கிடைக்காவிட்டால் வேலையும் போய், தன் தம்பியின் வகுப்பில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டி வரும். வேலை போவதை விடத் தம்பிக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் அவளால் தாங்க முடியாது.

அவர்கள் பிடித்த ஆள் மண்டூர்ப் பக்கத்து வட்டை விதானையார். வட்டை என்பது பல பேருடைய வயல்கள் ஒன்றாகக் கிடக்கும் வெளி. அந்த வெளிக்குத் தண்ணீர் விடுவது, வேலி பார்ப்பது, மாடு புகுந்தால் விசாரிப்பது எல்லாம் விதானையார் பொறுப்பு. விதைப்பு முடிந்த பிறகு மாடுகள் வட்டைக்குள் வரக்கூடாது. ஆனால் வரும். எருமைக்கு வயல்காரர் கூட்டத்தின் தீர்மானம் தெரியாது. புகுந்த மாட்டின் தொடையில் சுட்டிருக்கும் குறியைப் பார்த்து, சொந்தக்காரருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். விதானையார் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். மாட்டின் எண், குறி, சொந்தக்காரர், கடைசியில் குறிப்பு. கிட்டப் போகிறவர்கள் கவனமாக இருக்கட்டும் என்று அந்தக் குறிப்பில் மாட்டின் குணத்தையும் எழுதியிருந்தார்.

பிள்ளைகளுக்குக் கண் பிரகாசித்துவிட்டது. போனில் குறியைப் படம் எடுத்தால், கணினியே குறியை அடையாளம் கண்டு, சொந்தக்காரருக்கு மெசேஜ் அனுப்பும். எங்கள் துறைத் தலைவருக்கு இதைக் கேட்டதும் நிலை கொள்ளவில்லை. செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லை அவர் அந்த வாரம் சாப்பாட்டு நேரத்திலும் சொன்னார்.

வேலை நடக்கும்போது பிள்ளைகள் மூன்று தரம் விதானையாரிடம் போய்க் காட்ட வேண்டும், அவர் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது என் அடுத்த விதி. மூன்று தரமும் போனார்கள். மூன்று தரமும் விதானையார் பார்த்து, "ஓம், நல்லம்" என்றார். மூன்று தரமும் சோறும் எருமைத் தயிரும் கொடுத்தார். பிள்ளைகள் கொண்டுவந்த அறிக்கையில் "பயனர் முழுச் சம்மதம் தெரிவித்தார்" என்று மூன்று இடத்தில் இருந்தது. தயிரைப் பற்றி ஒன்றும் இல்லை. அதை நான் பிறகுதான் அறிந்தேன்.

ஒரு மேற்பார்வையாளர் அந்த மூன்று தரத்தில் ஒரு தரமாவது கூடப் போயிருக்க வேண்டும். அந்த விதியையும் எழுதியவள் நான்தான். நான் போகவில்லை. வேலை அதிகம் என்று சொன்னேன். உண்மை அதுவல்ல. மண்டூருக்குப் போவதென்றால் குருமண்வெளித் துறையில் பாதை ஏற வேண்டும். பாதை என்றால் வாகனங்களையும் ஆட்களையும் வாவியின் அக்கரைக்குக் கொண்டுபோகும் தட்டையான மிதவை. தரை போலத்தான் இருக்கும், ஆனால் அசையும். மட்டக்களப்பில் பிறந்து, வாவிக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த எனக்குத் தண்ணீரில் கால் வைக்கப் பயம். இதை ஓய்வு பெறும் வரை ஒருவருக்கும் சொன்னதில்லை. வீட்டு மேசையில் இருந்தபடியே அறிக்கையில் "நேரில் பார்வையிட்டேன்" என்ற இடத்தில் கையொப்பம் வைத்தேன்.

இறுதிக் காட்சிப்படுத்தல் வயலிலேயே நடக்க வேண்டும் என்று தலைவர் ஒற்றைக் காலில் நின்றார். புகைப்படமும் எடுக்க வேண்டுமாம். வேறு வழியில்லை. வேனோடு பாதையில் ஏறினோம். நான் வேனுக்குள்ளேயே இருந்து, கண்ணை மூடிக்கொண்டு, தலைவர் கேட்டதற்கெல்லாம் "ம்" போட்டேன். இடையில் அவர் என்ன கேட்டாரோ, அடுத்த வருடம் பரீட்சைக் குழுவுக்குத் தலைமை தாங்க நான் சம்மதித்திருந்தேன்.

வயலில் எல்லாம் நன்றாகத் தொடங்கியது. விதானையார் வயல் வரம்போடு இருந்த வாடியில், அந்த ஓலைக் கொட்டிலில், பாய் விரித்துத் தயாராக இருந்தார். மெலிந்த மனிசர். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். வாய்க்காலுக்கு அப்பால் இரண்டு எருமைகள் கட்டியிருந்தன, காட்சிக்கென்றே. டிலக்சி போனைப் பிடித்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு "எருமை எண் 17" என்று காட்டியது. தலைவர் கை தட்டினார்.

என் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன்.

"உங்கள் எருமை எண் 17 வட்டைக்குள் புகுந்து பயிரைத் தின்கிறது. உடனே வந்து பிடித்துச் செல்லவும். குறிப்பு: முட்டும்."

என்னிடம் எருமை இல்லை. பூனை கூட இல்லை. நான் மறுபடி வாசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது எருமையையும் கணினி அடையாளம் கண்டது. இந்த முறை தலைவரின் போன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். முகம் மாறியது. எருமை எண் 18. குறிப்பு: சேற்றில் படுத்தால் எழும்பாது.

நடந்தது இதுதான். பரிசோதனைக்குச் சொந்தக்காரர்களின் உண்மையான இலக்கங்களைப் போட்டால் ஊரெல்லாம் மெசேஜ் போகுமே என்று, பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த இலக்கங்களைப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த இலக்கங்கள் எங்களுடையவை. குறிப்பு என்ற பெட்டியும் வெறுமையாக இருக்கக்கூடாதே என்று, விதானையார் கொப்பியில் செய்ததைப் போலவே ஒவ்வொருவருடைய குணத்தையும் எழுதியிருக்கிறார்கள். காட்சிக்கு முதல் அதை மாற்ற மறந்துவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. யார் இதை எழுதியது என்று கேட்டேன். பொடியன்மார் மூவரும் வயலைப் பார்த்தார்கள். டிலக்சி என்னைப் பார்த்தாள்.

"நான்தான் மிஸ் போட்டன்," என்றாள். "யோசிக்காமப் போட்டுட்டன்."

யோசிக்காமல் போட்டது என்பது இன்னும் சுட்டது. யோசித்துப் போட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. தலைவர் வரம்பால் நடந்து போய், தூரத்தில் நின்ற வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சாரதியைக் கொண்டு ஒரு தரம் ஹோன் அடிப்பித்தார். கடைசிப் பாதைக்கு நேரமாகிறது, ஏறு என்பது அதன் பொருள்.

டிலக்சி கையொப்பத் தாளை விதானையாரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி, இரண்டு தரம் வாசித்து, மடித்து, அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கை வெக்க ஏலாது புள்ள."

மூன்று தரம் ஓம் சொன்னீர்களே என்று நான் பாய்ந்தேன். அவர் அசரவில்லை. வாவி கடந்து, வெயிலில் முகம் கறுத்து வந்த பிள்ளைகள் ஆசையோடு ஒன்றைக் காட்டும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று என்னையே கேட்டார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஓம் சொல்லாமல் வேறு என்ன சொல்வது. ஆனால் கை வைத்தால் அது வேறு. விதானையார் கை வைத்தால் வட்டையில் அதுதான் நடக்கும்.

பிறகு டிலக்சியிடம் திரும்பி, ஆறு மாதமாக ஒருவரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

"குறியப் பாத்து மாடு ஆர்ர எண்டு சொல்ல எனக்குப் போன் வேணுமா? தூரத்தில அது நடந்து வாறதப் பாத்தே சொல்லுவன். ஆர்ர மாடு எண்டு தெரியாததில்ல புள்ள கரைச்சல். அத அவனுக்கு எப்பிடிச் சொல்ற எண்டதுதான் கரைச்சல்."

அந்த வட்டையில் வயல் செய்கிறவர்களும் மாடு வைத்திருப்பவர்களும் ஒருவருக்கொருவர் மச்சான், சம்பந்தி. உன் மாடு அவன் பயிரைத் தின்கிறது என்று நேரே சொன்னால் பின்னேரத்துக்குள் மூன்று குடும்பம் பேச்சை நிறுத்திவிடும். அறுவடைக்குள் ஒரு கல்யாணப் பேச்சு முறியும். அதனால் விதானையார் ஒருநாளும் மாட்டைப் பற்றிச் சொல்வதில்லை. ஒருக்கா வந்துவிட்டுப் போகட்டாம் என்று மட்டும் ஆள் அனுப்புவார். மாட்டுக்காரர் வருவார். தேத்தண்ணி குடிப்பார்கள். மழையைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சுக்கு நடுவில் வந்தவர் தானாகவே வயல் பக்கம் பார்த்து, அது என் மாடு போல இருக்கிறதே என்பார். மற்றவர்கள் அப்போதுதான் கண்டது போலப் பார்ப்பார்கள். அவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு போவார். கதை முடிந்தது.

இப்போது ஆள் அனுப்ப ஆள் இல்லை. போன் எடுத்தால் எதுக்கு என்று கேட்கிறார்கள். கேட்டால் பொய் சொல்ல வேண்டி வருகிறது. அவருடைய கரைச்சல் அவ்வளவுதான். அதைத் தீர்க்க வந்தவர்கள்தான் ஊர் முழுக்கச் சண்டை மூட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தோம்.

கடைசியாக அவர் என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், உங்களுக்கிட்ட மாடே இல்ல. இல்லாத மாட்டுக்கே உங்களுக்கு இவ்வளவு கோவம் வருது. மாடு இரிக்கிறவனுக்கு எப்பிடி இரிக்கும்?"

பிள்ளைகளை ஏச நீட்டிய விரலை மடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

டிலக்சி லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் கேட்டது சின்னக் கேள்வி. படம் எடுத்துக் குறியைக் கண்டுபிடிக்கும் பகுதி முழுவதையும் கழற்றிவிட்டால் பெயிலாகுமா? ஆகலாம். புள்ளித் திட்டத்தில் பாதிக்கு மேல் தொழில்நுட்பச் சிக்கலுக்கு என்று எழுதி வைத்திருந்தவள் நான். அதைக் கழற்றினால் மிஞ்சுவது ஒரு பொத்தானும் ஒரு வரி மெசேஜும். வேனுக்குள் இருக்கும் தலைவர் அதற்கு ஒரு பட்டம் கொடுப்பாரா? கழற்றாவிட்டால் விதானையார் கை வைக்கமாட்டார். அப்போதும் பெயில். கொழும்பு வேலை, தம்பியின் வகுப்பு எல்லாம் அந்த மடியில் இருந்தது.

"எனக்குத் தெரியாது புள்ள," என்றேன். பெரிய ஆலோசனை ஒன்றும் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. பார்வையிடாமல் பார்வையிட்டேன் என்று கை வைத்தவள். பத்து அடி தள்ளி நின்ற மருத மரத்தடியில் போய், முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். முட்டும் என்ற சொல் இன்னும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

பின்னால் விசைப்பலகைச் சத்தம். படப் பகுதியை எழுதிய பொடியன், ஆறு மாதம் நித்திரை முழிச்சதுடி என்று அழாத குறையாகச் சொன்னான். அவள் தெரியும் என்றாள். சத்தம் நிற்கவில்லை.

வேன் இரண்டாம் தரம் ஹோன் அடித்தது. என் போனும் சத்தம் போட்டது.

"விதானையார் கூப்பிடுறார். ஒருக்கா வந்திட்டுப் போங்க."

போனைப் பைக்குள் வைத்துவிட்டு எழும்பி நடந்தேன். வாடிக்குக் கிட்ட வந்த பிறகுதான் விளங்கியது. டிலக்சி புது மெசேஜை அனுப்பிப் பார்த்திருக்கிறாள். இலக்கங்களை மாற்ற மறுபடியும் மறந்துவிட்டாள். பதினேழுக்குத்தான் அனுப்பியிருக்கிறாள். நான் வந்து நிற்கிறேன்.

பதினெட்டுக்கும் போயிருந்தது.

எல்லோரும் வேனைப் பார்த்தோம். பிறகு கதவு திறந்தது. சேற்றில் படுத்தால் எழும்பாதவர் இறங்கினார். சப்பாத்தைக் கழற்றி ஒரு கையில் பிடித்தார். மறு கையால் காற்சட்டையைத் தூக்கிக்கொண்டு வரம்பால் நடந்து வந்தார். வாடிக்கு வந்ததும் முதல் வேலையாக, "என்ன விதானையார், கூப்பிட்டீங்களாம்?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அவ்வளவு மரியாதையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

விதானையார் பாயைத் தட்டி இடம் விட்டார். தேத்தண்ணி வந்தது. இந்த முறை மழை பிந்திவிட்டது என்றார் விதானையார். பிந்தித்தான் விட்டது என்றார் தலைவர். நாங்கள் ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தலைவர் கோப்பையை வைத்தார். வாய்க்காலுக்கு அப்பால் பார்த்தார். எங்களைப் பார்த்தார். டிலக்சியின் மடியில் இருந்த லெப்டொப்பைப் பார்த்தார். அந்த மனிசரிடம் எனக்குப் பல குறை உண்டு, ஆனால் மண்டை மந்தமில்லை. எல்லாம் விளங்கிவிட்டது.

மறுபடியும் எருமையைப் பார்த்து, மெல்ல, "அது என்ட மாடு போல இரிக்கு," என்றார்.

நாங்கள் எல்லோரும் அப்போதுதான் கண்டது போல எருமையைப் பார்த்தோம். டிலக்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது. விதானையார் கேட்காமலே தாளை வாங்கி, பேனாவை உதறி, நிதானமாகக் கையொப்பம் வைத்தார். அதன் கீழே தலைவர் வைத்தார். நான் வைக்கும்போது, நேரில் பார்வையிட்டேன் என்ற வரியை முதல் தடவையாக உண்மையாக எழுதினேன். பழைய கையொப்பத்தைப் பற்றியும் பாதையில் வரும்போது தலைவரிடம் சொன்னேன். ஒரு வருடம் பதவி உயர்வு பிந்தியது. நியாயம்தான்.

அவளுக்குக் கிடைத்தது சாதாரண சித்திதான், வெறும் பாஸ். கொழும்புக் கொம்பனி அதற்கு மேல் கேட்கவில்லை. படப் பகுதியை எழுதிய பொடியன் அதை வேறு எங்கோ விற்று என்னை விட நல்ல வீட்டில் இருக்கிறான். நான் புள்ளித் திட்டத்தை மாற்றி எழுதினேன். நீங்கள் இப்போது பாவிப்பது அதுதான். அதில் "பயனர் சாப்பாடு தந்தாரா?" என்ற கேள்வி ஏன் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தயிர் தந்துவிட்டு ஒருவர் சொல்லும் ஓம், சம்மதம் இல்லை. அது விருந்தோம்பல். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் நீங்களும் போய் அந்தப் பாயில் உட்கார வேண்டும். பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள்.

அந்த மென்பொருள் இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு பெரும்போகத்திலும், விதைப்பு முடிந்த கொஞ்ச நாளில், என் போனுக்கு மெசேஜ் வருகிறது. விதானையார் கூப்பிடுறார். ஒருக்கா வந்திட்டுப் போங்க. முதல் தடவை டிலக்சிக்குப் போன் எடுத்து, உன் மென்பொருளில் பிழை இருக்கிறது, என் இலக்கத்தை எடு என்று ஏசினேன்.

"எடுக்கப் போனன் மிஸ். விதானையார் வேணாம் எண்டுட்டார்."

என்ன செய்வது, பயனரின் தேவை. போகிறேன். பாதையில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி போகிறேன். தயிர் சாப்பிடுகிறேன். மழையைப் பற்றிப் பேசுகிறோம். வாய்க்காலுக்கு அப்பால் கட்டியிருக்கும் ஏதாவது ஓர் எருமையைப் பார்த்து, அது என்னுடையது போல இருக்கிறது என்கிறேன். எல்லோரும் பார்க்கிறார்கள்.

போன முறை அவர் தேத்தண்ணி எடுக்க உள்ளே போன நேரம், அவருடைய போன் பாயில் கிடந்தது. எடுத்து, பதினேழாம் எண்ணைத் திறந்து பார்த்தேன். பழைய குறிப்பு அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் விதானையார் தன் விரலாலேயே இன்னொன்றைச் சேர்த்திருந்தார்.

முட்டும். கூப்பிட்டா வரும்.